சாரண உணர்வும் மாற்றுக் கருத்துக்குச் செவிகொடுத்தலும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என விழாக் குழுவினர் எம்மைக் கேட்டனர். கல்வியின் சிறப்பை எழுதலாம். சங்கம் வளர்ந்த கதையை எழுதலாம். அவற்றை எழுத எம்மினும் தகுதியுடைய பெரியோர் பலர் நம்மிடையே உளர். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய எடப்புளி நாட்டில் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து வரும் யாம், ஆசிரியப் பணியில் சேர்ந்த நாள்தொட்டே சாரண ஆசிரியராகவும் இருந்து வருகிறோம். ஆதலின் யாம் அறிந்த பொருளையே எடுத்துக்கொண்டோம். சாரண உணர்வு என்பது யாது? மாற்றுக் கருத்தைக் கேட்பதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விழா ஆண்டில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் மறைக்காமல் கூறுவோம்.

அடிவாரத்துக் காரவல்லியிலிருந்து மலைமேல் வரும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நம் இளைஞர் அறிவர். பேருந்து ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்புகிறார். ஒலி எழுப்பியவுடன் வண்டியைத் திருப்பிவிடுவதில்லை. எதிரே ஒலி வருகிறதா என்று ஒரு நொடி செவிகொடுத்த பின்னரே திருப்புகிறார். தன் ஒலியை மட்டும் கேட்டு வண்டி ஓட்டுபவர் மலைச்சாலையில் நெடுநாள் ஓட்ட இயலாது. பொதுவாழ்வும் அத்தகையதே.

சாரணர் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘ஸ்கவுட்’ என்பது படைக்கு முன்னே சென்று, வழியையும் நிலைமையையும் அறிந்து வந்து உரைப்பவனைக் குறிக்கும். அதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் ‘சாரணர்’ என்னும் சொல் பழைமையானது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கிச் செல்லும் வழியில் சாரணரைக் கண்டு தொழுகின்றனர். ஆங்கு அச்சொல் சமண முனிவரைக் குறிக்கிறது. ஒற்றர் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஓரிடத்தில் அமர்ந்துவிடாமல் பல இடங்களுக்கும் சென்று வருவோர் என்பதே இரு பொருளுக்கும் பொதுவான கருத்து.

திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே ஏற்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல்லும் ஒத்து நின்றால் அதனைத் தெளியலாம் என்றும் வள்ளுவர் அங்கே கூறுகிறார். தனக்கு உகந்த செய்தி கொணர்ந்த ஒருவனை மட்டும் நம்பிப் படையை நடத்தலாகாது என்பதே இதன் உட்பொருள். அதே நூலில் 40-ஆம் அதிகாரம் ‘கல்வி’. 43-ஆம் அதிகாரம் ‘அறிவுடைமை’. இவ்விரண்டிற்கும் இடையே ‘கேள்வி’ என்னும் அதிகாரம் நிற்கிறது. கற்றவன் அறிவுடையவன் ஆவதற்குக் கேட்டல் என்னும் வாயில் வழியாகவே செல்ல வேண்டும் என்று நாம் இதனைப் பொருள் கொள்ளலாம் அன்றோ? கல்விக்கென்றே அமைந்த நம் சங்கம் கருத்தில் கொள்ள வேண்டிய வரிசை இது.

பிரவுன்சித் தீவில் ஒரு முகாம்

இன்றைய சாரண இயக்கம் 1907-ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டு ஆகத்து முதல் நாள் முதல் எட்டாம் நாள் வரை, இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சி என்னும் சிறு தீவில், பேடன் பவல் என்னும் படைத்தலைவர் சுமார் இருபது சிறுவரைக் கொண்டு முகாம் ஒன்று நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் உயர்ந்த பள்ளிகளின் மாணவர் சிலரையும், அருகிலுள்ள நகரங்களின் உழைப்பாளர் வீட்டுச் சிறுவர் சிலரையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். நான்கு அணிகளாகப் பிரித்து ஒரே கூடாரத்தில் உறங்கவும், ஒன்றாக உண்ணவும் செய்தார். வகுப்பு வேற்றுமை மிகுந்திருந்த அந்நாட்டில் அது ஒரு துணிவான சோதனையே. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது.

சாரணம் என்றவுடன் சீருடை, ஊதல், கழுத்துத்துணி, வரிசை, கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகியவையே பலர் நினைவுக்கு வருகின்றன. அவை வெளித்தோற்றம். சாரணத்தின் உயிர் அணி முறையில் உள்ளது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அவ்வணி கூடிப் பேசும். ஒவ்வொரு சிறுவனும் தன் கருத்தைச் சொல்லலாம். அணித் தலைவர்கள் தனியே கூடும் மன்றம் ஒன்றும் உண்டு. முகாம் எங்கே, பணி யாது, தவறியவனை எவ்வாறு திருத்துவது என்பனவற்றை அம்மன்றம் முடிவு செய்யும். சாரண ஆசிரியர் அங்கே வழிகாட்டியேயன்றி ஆணையிடும் அதிகாரி அல்லர். முதலில் பேச்சு, பின்னர் முடிவு, முடிவுக்குப் பின்னர் கீழ்ப்படிதல். பேச இடம் கொடாமல் கீழ்ப்படிதலை மட்டும் கேட்பது சாரணம் ஆகாது.

சாரணர் விதிகள் இன்று நம் நாட்டில் ஒன்பது. நம்பிக்கைக்கு உரியவராய் இருத்தல் முதல் எண்ணம், சொல், செயல் ஆகியவற்றில் தூய்மை வரை அவை நீள்கின்றன. அவற்றுள் மூன்றாவது விதி, சாரணர் அனைவர்க்கும் நண்பர், பிற சாரணர் ஒவ்வொருவர்க்கும் உடன்பிறப்பு என்னும் கருத்துடையது. இவ்விதியை நம் நாடு எவ்வாறு நடத்தியது என்பதே இனிவரும் வரலாறு.

இந்தியச் சிறுவனுக்கு இடம் இல்லை

1909-ஆம் ஆண்டில் பெங்களூரில் கேப்டன் பேக்கர் என்பவர் இந்தியாவின் முதற் சாரணப் படையைத் தொடங்கினார். ஆனால் அப்படையிலும், அதனைத் தொடர்ந்து பிற ஊர்களில் தோன்றிய படைகளிலும், ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே இடம் இருந்தது. இந்தியச் சிறுவரைச் சேர்க்க அரசினர் உடன்படவில்லை. அனைவர்க்கும் உடன்பிறப்பு என்று விதி கூறியது; வாயிற்கதவோ அடைத்தே இருந்தது. எழுதிய விதிக்கும் நடக்கும் முறைக்கும் உள்ள இடைவெளியை நாம் நன்கு அறிவோம். அதனை நமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கதவு திறவாதபோது இந்தியர் தாமே வாயில் அமைத்துக்கொண்டனர். வடக்கே சிறீராம் பாஜ்பாயும், மத்திய மாகாணத்தில் விவியன் போசும் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணப் பணியைத் தொடங்கினர். பண்டித மதன்மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அலகாபாத்தில் சேவா சமிதியின் சார்பில் சாரணச் சங்கம் அமைத்தனர். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணைகொண்டு இந்தியச் சிறுவர் சாரணச் சங்கத்தை நிறுவினார். 1921-ஆம் ஆண்டில் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். தமக்கு மாறான சங்கங்களை நடத்தியவர்களைச் சந்தித்து அவர்தம் குறைகளைக் கேட்டார். அதன் பயனாக அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. இந்தியச் சிறுவர்க்கும் கதவு திறந்தது. சேவா சமிதியார் அப்போது இணையவில்லை. கேட்டதனால் ஒரு பாதி ஒற்றுமை கிடைத்தது என்று கொள்ளலாம்.

இங்கே நம் இளைஞர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. இந்தியச் சிறுவரை ஒதுக்கலாகாது என்று வாதிட்ட அதே பெசன்ட் அம்மையார், 1909-ஆம் ஆண்டில் ‘இந்தியன் ரெவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பிற வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்துதல் தகாது என்பது அக்கட்டுரையின் கருத்து. அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் இதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டிக் கண்டித்தார். அம்மையார் தலைமை ஏற்றிருந்த பிரம்மஞான சபையோ, கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய இலவசப் பள்ளியின் வழியில் பள்ளிகளை நடத்தி வந்தது. ஒருவரிடத்திலேயே ஒளியும் நிழலும் இருக்கக் காண்கிறோம். நாம் இதனைக் கூறுவது அம்மையாரைப் பழிப்பதற்கன்று. எமக்குச் செவிகொடுங்கள் என்று ஒருபுறம் கேட்போரும், மறுபுறம் தமக்குக் கீழே நிற்போர்க்குச் செவிகொடுக்க மறந்துவிடக்கூடும் என்பதை உணர்த்துவதற்கே. இம்மறதி எவர்க்கும் நேரும், நமக்கும் நேரும்.

பிரிவும் இணைப்பும்

1937-ஆம் ஆண்டில் தில்லியில் சாரணர் பெருந்திரளணி நடைபெற்றது. அதற்குப் பேடன் பவல் வந்திருந்தார். அதன்பின் இந்தியர் பண்பைத் தாழ்த்தும் வகையில் அவர் கூறிய கருத்துகள் வெளியாயின. நாடெங்கும் மனம் புண்பட்டது. பலர் தாய்ச் சங்கத்தை விட்டு வெளியேறினர். 1938-இல் இந்துஸ்தான் சாரணச் சங்கம் எழுந்தது. 1921-இல் செவிகொடுத்து ஒன்றுபடுத்தியவரே, 1937-இல் செவிகொடாத சொல்லால் பிரிவுக்குக் காரணமானார். ஒருமுறை கேட்டது என்றென்றைக்கும் போதாது என்பது இதனால் விளங்கும்.

நாடு விடுதலை பெற்ற பின்னும் சாரணர் இரு கூறாகவே இருந்தனர். பிரதமர் நேருவும், கல்வியமைச்சர் மௌலானா ஆசாத்தும், மங்கள்தாஸ் பக்வாசாவும் முயன்றனர். பாஜ்பாய், குன்ஸ்ரு, விவியன் போஸ் ஆகியோர் நெடிது பேசினர். முடிவில் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இரு சங்கங்களும் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. 1951 ஆகத்து 15-இல் சாரணியர் சங்கமும் சேர்ந்தது. அதன் முதல் தேசிய ஆணையராகப் பொறுப்பேற்றவர் குன்ஸ்ரு. 2025-ஆம் ஆண்டு சனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நம் திருச்சி மாவட்டத்து மணப்பாறையில் அவ்வியக்கத்தின் பெருந்திரளணி நடைபெற்றதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அத்தனை மாநிலத்துப் பிள்ளைகளும் ஒரே கொடியின் கீழ் நின்றமைக்கு, மாறுபட்டோர் அன்று ஒரே மேசையில் அமர்ந்து பேசியதே அடிப்படை.

அண்ணல் நன்றி கூறிய எதிர்ப்பாளர்கள்

குன்ஸ்ருவின் பெயர் நமக்கு மற்றோர் இடத்திலும் கிடைக்கிறது. அது சாரண வரலாறு அன்று. நம் அரசியலமைப்பின் வரலாறு.

அரசியல் நிர்ணய சபை 11 அமர்வுகளில் 165 நாள்கள் கூடியது. அவற்றுள் 114 நாள்கள் வரைவின் மீதான ஆய்வுக்கே சென்றன. வரைவுக்குக் கொடுக்கப்பட்ட திருத்தங்கள் சுமார் 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. வரைவுக் குழுத் தலைவர் நம் அண்ணல். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் விடை கூற வேண்டியிருந்தது. உடல்நலம் குன்றியிருந்த காலம் அது. பெரும்பான்மை அவர் பக்கம் இருந்தது. ‘வாக்கெடுப்புக்கு விடுங்கள்’ என்று கூறி அமர்ந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

1949 நவம்பர் 25-ஆம் நாள் அவர் ஆற்றிய நிறைவுரையை நம் இளைஞர் ஒவ்வொருவரும் முழுமையாகப் படிக்க வேண்டும். அவ்வுரையில், எல்லா உறுப்பினரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி ‘ஆம்’ போட்டிருந்தால் சபை நடவடிக்கை உயிரற்றுப் போயிருக்கும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். நல்வேளையாகச் சில கலகக்காரர் இருந்தனர் என்று கூறிக் காமத், தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாகூர்தாஸ் பார்கவா ஆகியோரின் பெயர்களைச் சொன்னார். அவர்களோடு கே.டி. ஷாவையும் குன்ஸ்ருவையும் சேர்த்துக்கொண்டார். அவர்தம் யோசனைகளைத் தாம் ஏற்கவில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. ஏற்காமை அந்த யோசனைகளின் மதிப்பைக் குறைத்துவிடாது என்றும், அவர்களுக்குத் தாம் நன்றியுடையவர் என்றும் கூறினார்.

இளைஞர்காள்! இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். பள்ளி நாளில் தண்ணீர்ப் பானையைத் தொட விடப்படாத ஒருவர், நாட்டின் சட்டத்தை வகுத்து முடித்த வேளையில், தம்மை எதிர்த்துப் பேசியோரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுகிறார். அவ்வாறு நன்றி பெற்றோருள் ஒருவர், ஓராண்டுக்குள் நாட்டின் சாரணர் அனைவர்க்கும் தலைவராகிறார். சாரண உணர்வும் மாற்றுக் கருத்துக்குச் செவிகொடுத்தலும் ஒரு தண்டின் இரு கிளைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொரு சாரணரான விவியன் போஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1951-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்திலிருந்து சென்ற தடுப்புக் காவல் வழக்கு ஒன்றில், உடனிருந்த நீதிபதிகளோடு மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். மாறுபட்ட தீர்ப்பைக் கிழித்தெறியாமல் பெரும்பான்மைத் தீர்ப்போடு சேர்த்து ஏட்டில் வைப்பது நம் நீதிமன்றங்களின் மரபு. இன்று சிறுபான்மையாய் நிற்கும் கருத்தை நாளை வருவோர் எடுத்துப் பார்க்க அது வழி செய்கிறது.

நம் முன்னோரிடையே வேறுபாடு

‘நம் சமுதாயம் ஒன்றுபட வேண்டும், எனவே நம்முள் எவரும் மாற்றிப் பேசலாகாது’ என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். நம் முன்னோர் வரலாறு அவ்வாறு கூறவில்லை. அயோத்திதாசப் பண்டிதரும் ரெட்டைமலை சீனிவாசனாரும் மைத்துனர் முறையினர். பிறர் சூட்டிய இழிபெயரை அறவே விலக்க வேண்டும் என்றார் பண்டிதர். அப்பெயரையே தலைநிமிர்ந்து சொல்லி அதன் இழிவைப் போக்க வேண்டும் என்றார் சீனிவாசனார். 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். பிரவுன்சி முகாம் நடந்ததும் அதே ஆண்டில்தான். இருவர் வழியும் வேறு; இருவரும் நமக்கு வேண்டியவரே.

தனித்தொகுதி வேண்டும் என்று வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் சீனிவாசனாரும் வாதிட்டனர். ஒதுக்கீட்டு இடங்களோடு கூடிய பொதுத்தொகுதியே நன்று என்றார் எம்.சி. ராஜா. 1932-இல் அவ்வேறுபாடு கடுமையாகவே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டனர். எதிர்ப்பக்கத்தில் கையெழுத்திட்டோருள் முதன்மையானவர், முன்னர் யாம் சாரணர் தலைவராகக் குறித்த மாளவியா. அவ்வொப்பந்தம் நமக்கு நன்மையா, தீமையா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. ராஜாவைத் துரோகி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் உளர். ஆசிரியராய்ப் பணியாற்றி, 1920-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நமக்காக அமர்ந்த அவருடைய காரணங்களை ஒருமுறையேனும் படித்துவிட்டு அவரை மறுப்பதே முறை.

இங்கே ஒரு வரம்பையும் கூறிவிட வேண்டும். மாற்றுக் கருத்தைக் கேட்டல் என்பது நம் மனிதத் தன்மையையே வாதத்துக்கு வைப்பது அன்று. தீண்டாமை ஒரு கருத்து அன்று, குற்றம். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு அதனை ஒழித்தது. 1955, 1989-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதற்குத் தண்டனை வகுத்தன. நம்மைத் தாழ்ந்தோர் என்பவர்க்குப் பொறுமையோடு தலையாட்டுவது சாரணமும் ஆகாது, அடக்கமும் ஆகாது. சமமாய் அமர்ந்தபின் வழி எது என்பதில் எழும் வேறுபாடே யாம் இங்குப் பேசும் வேறுபாடு.

ஒரு முகாமும் ஓர் ஊற்றும்

எம் பள்ளிப் பருவத்தில் நிகழ்ந்தது இது. சமவெளியில் ஒரு பள்ளியின் சாரண முகாம். எமக்கு வயது பதின்மூன்று. நம் தெருப் பிள்ளைகள் யாம் இருவர். சமையல் முறை அணிக்கு அணி மாறி வந்தது. எம் அணியின் முறை வந்தபோது எங்கள் இருவர்க்கும் விறகு பொறுக்கும் பணி மட்டும் தரப்பட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாமும் சொல்லவில்லை. அன்றிரவு அணித் தலைவர் மன்றத்தில் வேறோர் அணியின் தலைவன், எம்மினும் ஓராண்டு மூத்தவன், வேறு சாதியினன், எழுந்து நின்றான். மூன்றாவது விதியை நாளும் காலையில் சொல்கிறோமே, அது அடுப்படிக்குப் பொருந்தாதா என்று கேட்டான். ஆசிரியர் முதலில் சினந்தார். பின்னர் என்ன நினைத்தாரோ, தம் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் அமர்ந்தார். வயதில் இளையவனிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். எம்மையும் அழைத்துப் பேசச் சொன்னார். பொதுவிடத்தில் எம் கருத்தை ஒருவர் கேட்டது வாழ்நாளில் அதுவே முதன்முறை.

மறுநாள் யாம் சோறு வடித்தோம். மூவர் உண்ணவில்லை. அவர்களுள் இருவர் வீட்டுக்குச் சென்றுவிட்டனர். ஒருவன் மாலையில் தட்டை நீட்டினான். பெரும் புரட்சி ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. ஆனால் யாம் ஆசிரியராக வேண்டும் என்று எண்ணிய நாள் அதுவே.

கேட்பதால் விளையும் பயனை இம்மலையிலும் கண்டோம். எம் பள்ளிச் சாரணர் சேவை நாளில் ஊற்று ஒன்றைத் தூய்மை செய்ய முடிவு செய்தனர். சுற்றியுள்ள புதரையெல்லாம் வெட்டிக் களைந்தால் இடம் அழகுறும் என்று யாம் கருதினோம். எட்டாம் வகுப்பு மலையாளிப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கை உயர்த்தினாள். அந்த வேர்கள்தாம் நீரைப் பிடித்து வைக்கின்றன, வெட்டினால் கோடையில் ஊற்று வற்றும் என்று தன் பாட்டி கூறியிருப்பதாகச் சொன்னாள். யாம் பி.ஏ., பி.எட். படித்தவர், அப்பாட்டி பள்ளி வாயிலை மிதித்தவர் அல்லர். ஆயினும் அவர் சொல்லே சரி என்பது சற்று எண்ணியவுடன் விளங்கிற்று. குப்பையை மட்டும் அகற்றினோம், புதரை விட்டுவிட்டோம். இம்மலையில் மலையாளி மக்களின் வீடுகள் பல. நம் வீடுகள் சில. அவர்களை நாம் கேட்பதும், அவர்கள் நம்மைக் கேட்பதும் இங்கே வாழ்வதற்கே வேண்டும்.

யாம் கேட்கத் தவறிய நாள்

இனி, தொடக்கத்தில் கூறுவதாகச் சொன்ன காரணத்துக்கு வருவோம். மூன்றாண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் யாமே. சேமிப்புப் பணத்தைக் கொண்டு விழா அரங்கம் கட்டும் தீர்மானம் வந்தது. அப்போது கல்லூரியில் பயிலும் நம் பெண் ஒருத்தி எழுந்து இரு கேள்விகள் கேட்டாள். மலையிலிருந்து கீழிறங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லாதபோது அரங்கம் எதற்கு என்பது ஒன்று. செயற்குழுவில் பெண் ஒருவர்கூட இல்லையே, ஏன் என்பது மற்றொன்று. யாம் கூறிய விடை வருமாறு: “பெரியவங்க பேசிக்கிட்டு இருக்காங்க, நீ உட்காரும்மா.” அவள் அமரவில்லை, வெளியேறினாள். அவளோடு பதினோர் இளைஞரும் சென்றனர். தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டது. அதில் கையெழுத்திட்ட கை எம்முடையதே.

விதியைக் காலையில் சொல்லிவிட்டு அடுப்படியில் மறந்த அம்முகாமுக்கும் எமக்கும் வேறுபாடு யாது? எமக்காக ஒரு சிறுவன் அன்று எழுந்து நின்றான். ஓர் ஆசிரியர் தரையில் அமர்ந்தார். யாமோ நாற்காலியை விட்டு இறங்கவில்லை. அரங்கம் எழுந்து நிற்கிறது. இம்மலரும் அங்கேதான் வெளியிடப்பட இருக்கிறது. அப்பதினோர் இளைஞருள் நால்வர் மட்டுமே திரும்பி வந்துள்ளனர். பிறர் இன்னும் வெளியேதான் நிற்கின்றனர். அப்பெண் கேட்ட கேள்விகளுக்கு இன்றும் விடை கூறப்படவில்லை. பெண்பிள்ளைகள் தங்கும் இல்லத்தை முதலில் எடுத்திருக்க வேண்டும் என்றே யாம் இப்போது கருதுகிறோம். எம் கருத்து இப்போதும் தவறாக இருக்கலாம். ஆயின், கேட்காமல் முடிவு செய்தது தவறு என்பதில் ஐயமில்லை.

ஆதலின் வெள்ளி விழா ஆண்டில் சங்கத்தார் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, கூட்டங்களில் வயதில் இளையோர் முதலில் பேசட்டும். மூத்தோர் பேசிய பின் இளையோர் வாய் திறப்பதில்லை என்பது எம் பட்டறிவு. இரண்டாவது, தீர்மானத்தை எதிர்த்தோர் பெயரும் காரணமும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படட்டும். மூன்றாவது, ஏற்காத கருத்துக்கு ஏன் ஏற்கவில்லை என்று விடை கூறப்படட்டும். அண்ணல் 114 நாள்கள் அதனைச் செய்தார், நாம் ஒரு மாலைப்பொழுது செய்யலாகாதா? நான்காவது, முடிவு ஆனபின் மாறுபட்டோரும் தோள் கொடுத்துப் பணி செய்யட்டும். அடுத்த பொதுக்குழுவில் அதே பொருளை மீண்டும் எழுப்பும் உரிமை அவர்க்கு இருக்கட்டும். முதல் மூன்றும் இன்றி நான்காவதை மட்டும் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

வெளியே நிற்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் சென்றது தவறு என்று யாம் கூறமாட்டோம். கதவை அடைத்தவர் யாம். ஆனால் வெளியேறியோர் சங்கம் வைத்ததோடு சாரண வரலாறு முடியவில்லை. திரும்பி வந்து பேசிய நாளில்தான் அது நிறைவுற்றது. விழா முடிந்த அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எடப்புளி நாட்டுப் பள்ளி மரத்தடியில் யாம் இருப்போம். நாற்காலி போடப்படமாட்டாது. அப்பெண்ணின் இரு கேள்விகளும் முதற் பொருளாக எடுத்துக்கொள்ளப்படும். முதலில் அவள் பேசுவாள், யாம் கேட்போம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வியும் கேள்வியும்!